கடைசியில் வந்த முட்டை

ஜெசிந்தா வீட்டு அடுப்பில் தக்காளி சாஸுக்கு வயிறு எரிந்தது. பூண்டோடு வதங்கி, காலையிலிருந்து சுண்டிக்கொண்டிருப்பது அது. ஓடு உடைந்து, கடைசியில் வந்து அதன் நடுவே சொகுசாகச் சாய்ந்துகொண்டது முட்டை.

"மெதுவா கொதி. என் மஞ்சக்கரு இளக்கமா இருக்கணும்," என்றது முட்டை. "இத்தாலி முட்டைச் சமையல்னு சொல்லித்தான் விருந்தாளிங்களைக் கூப்பிட்டிருக்காங்க."

"அப்ப நான் யாரு?"

"நீயா? எனக்கு மெத்தை."

சாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெசிந்தா விருந்தாளிகளை வரவேற்க வாசலுக்குப் போன நேரம் பார்த்து, மூடி தடதடக்கக் கொதித்துத் தீர்த்தது. அவள் ஓடி வந்து திறந்தபோது மஞ்சள்கரு கல்லாகியிருந்தது. சாஸுக்கு மனசு குளிர்ந்தது.

மேஜையில் விருந்தாளி ஒருவர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டுத் தயங்கினார்.

"முட்டை நல்ல முட்டைதான் ஜெசிந்தா," என்றார். "சாஸ்தான் கொதிச்சுக் கெடுத்துடுச்சு."