பார்க்க விரும்பும் நட்சத்திரம்

“ஜோயல், இதப் பாரேன்” என்று ஒரு படிவத்தை மெதுவாக அவன் பக்கம் தள்ளினேன். சத்தமாகப் பேச எனக்கு வராது.

அவனுக்கு வரும்.

“எட்டாம் வகுப்பு, கவிப்பிரியா. பார்க்க விரும்பும் கோள் அல்லது நட்சத்திரம்: மூலம்!” என்று வகுப்பறை அதிர வாசித்தான். “ஜாதகத்தையே அனுப்பிட்டாங்கப்பா! ராசியும் எழுதியிருந்தா பொருத்தம் பார்த்திருக்கலாம்.”

லீலா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரகடம் பக்கத்து அரசுப் பள்ளி. மறுநாள் ஞாயிறு மாலை, தன்னார்வலர்களாக நானும் ஜோயலும் மாணவர்களுக்கு வானம் காட்டும் நிகழ்ச்சி. தொலைநோக்கி ஒன்றுதான். முப்பது பேருக்குத்தான் இடம். வந்ததோ நாற்பத்தேழு படிவம்.

“பெரியவங்க கையெழுத்து. அறிவியல் நிகழ்ச்சின்னே புரியல போல” என்று அதை ‘வேண்டாம்’ கட்டில் வைத்தேன்.

“மேடம்...”

வாசலில் கம்பெனி யூனிபார்மில் ஒருவர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

“கோதண்டம். கவிப்பிரியா அப்பா. ஃபாரம் நான்தான் எழுதுனேன். புரிஞ்சிதான் எழுதுனேன் மேடம்.”

ஜோயல் பேனாவைக் கீழே போட்டுத் தேடினான்.

“வூட்ல பால் பொங்கி வழிஞ்சாகூட ‘மூலத்துல பொறந்தவ’ன்னு புள்ளயத்தான் திட்றாங்க. அவங்க மாமா பைக்ல வுழுந்ததுக்கும் இவதானாம். புள்ளயும் நம்பிக்கினு அழுவுது. தேள் மாதிரி கீற கூட்டத்துல வால் நுனிதான் மூலமாமே, போன்ல பாத்தேன். அது எங்கியோ கீது, இவ இங்க கீறா. ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா பயம் வுட்டுடும்.”

படிவத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். தலை நிமிரவில்லை.

அவர் கரும்பலகையைப் பார்த்தார். ‘தொடக்கம்: மாலை 6.05’. என் கையெழுத்து.

“ஆறு மணிக்கு எனக்கு நைட் ஷிப்ட் பஸ். அஞ்சரைன்னா நானே கொண்ணாந்து வுட்டுட்டுப் போவேன். வேற யாரும் அனுப்ப மாட்டாங்க. அது இன்னா மேடம், அந்த அஞ்சு நிமிஷக் கணக்கு?”

“நானும் அஞ்சரைன்னுதான் சொன்னேன் அண்ணே” என்றான் ஜோயல். “இருட்டணும்னு இவதான் மாத்துனா. சூரியன் மறையவே ஆறரை ஆகும், அதுவரைக்கும் எப்படியும் விளக்கப் பேச்சுதான்.”

எழுந்துபோய் அழித்துவிட்டு, 5.30 என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் ஆறு மணிக்குத்தான் முடிகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?