மூக்கு ரத்தத்துக்கு மருந்து

"வெத்தலச் சாறு!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சபாபதி. செத்த எலியைத் தூக்குவதுபோல அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். துணி நெடுகச் சிவப்புத் திட்டுகள்.

எதிரே நின்றவள் பால்மரம் சீவும் அங்கம்மா. இடுப்பில் ஐந்து வயது மகள் செல்லம். குழந்தைக்கு மூக்கில் ரத்தம் கொட்டுகிறது என்று இந்த மாதம் மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். மருந்தும் வேண்டுமாம், இன்று வேலைக்குப் போகாமலிருக்கச் சீட்டும் வேண்டுமாம்.

லாயாங் லாயாங் சுற்றுவட்டாரத்தில் சபாபதியை ஏமாற்ற ஒரு கூலி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். அப்படித்தான் அவருக்கு நினைப்பு. வயிற்றுவலி என்று நடித்தவனுக்கு விளக்கெண்ணெய் புகட்டியவர், பொய்க் காய்ச்சல்காரனுக்குக் கசப்புக் கொய்னா மாத்திரை கொடுத்தவர், நெஞ்சு நோயை மறைத்த இருவரைத் துரையிடம் சொல்லி, வேலையும் போக, ஊருக்கே கப்பலேற்றியவர். இவள் எம்மாத்திரம்!

"சத்தியமா ரத்தந்தாங்கய்யா. போன தடவ குடுத்தீங்களே, ரத்தம் நிக்கக் குடிக்கிற மருந்து, அதையே குடுங்கய்யா."

"செவிடன் காதுல சங்கு ஊதின கதையால்ல இருக்கு! ரெண்டு வாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னேன். புள்ளைய நிமிர்ந்து ஒக்கார வச்சு, தலைய முன்னால குனிய வையி. மூக்கோட மெத்துனு இருக்கிற எடத்த அழுத்திப் புடி, பத்து நிமிசம் விடாத. வாயால மூச்சு விடச் சொல்லு. செஞ்சியா?"

"செஞ்சங்கய்யா. குடிச்சாத்தான் கேக்குது."

சபாபதி தலையில் அடித்துக்கொண்டார். மூக்கில் வருவதற்கு வயிற்றில் மருந்து! தொண்டையில் இறங்கினால்தான் மருந்து என்று நினைக்கிற ஜென்மங்கள். காலில் முள் குத்தினாலும் ஒரு போத்தல் கேட்பார்கள்.

டார்ச்சு விளக்கை எடுத்துக் குழந்தையின் மூக்கைப் பார்த்தார். இரண்டு துவாரமும் சுத்தமாக இருந்தன. காய்ந்த ரத்தம் பொட்டுக்கூட இல்லை.

"எனக்கே காது குத்துறியா? இப்பவே துரைகிட்ட சொல்றேன். பேர வெட்டிருவாரு. சாயங்காலத்துக்குள்ள லயத்தக் காலி பண்ணிட்டுப் புள்ளையோட நடுரோட்டுல நில்லு!"

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குறுகி நின்றாள். தோள்கள் குலுங்கின. அழட்டும், பெரியவர் முன்னால் வாய்பொத்தி நிற்கிற மரியாதையாவது இந்தச் சனத்துக்குத் தெரிந்திருக்கிறதே என்று சபாபதிக்குக் கொஞ்சம் திருப்தி.

"பொறுங்கய்யா, பொறுங்க. வேற போக்கு இல்லீங்கய்யா" என்றாள் அவள், மூச்சு வாங்க.

கையும் களவுமாகப் பிடிப்பதில் ஒரு சுகம் உண்டல்லவா? புண் கழுவுகிற மருந்தை எடுத்தார். ரத்தத்தின் மேல் பட்டால் அது பொங்கும், வெற்றிலைச் சாற்றுக்கு மசியாது. துணியில் நாலு சொட்டு விட்டார்.

புசுபுசுவென்று வெள்ளையாகப் பொங்கியது.

சபாபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம். சந்தேகமே இல்லை. ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகமாயிற்றே அவர்!

"சரி, ரத்தமாவே இருக்கட்டும். மூக்க நோண்டியிருக்கும் சனியன், மொதல்ல நகத்த வெட்டு. ஆனா மருந்த வீட்டுக்குத் தரமாட்டேன். ஒங்களுக்கு நான் குடுக்கிறதெல்லாம் எவன்கிட்டப் போகுதோ! இங்கயே, என் கண்ணு முன்னால குடிக்கட்டும்."

"வீட்டுல போயிக் குடுத்துக்கிறேங்கய்யா..." அங்கம்மா பதறிக் கையை நீட்டினாள்.

"தள்ளி நில்லுடி!"

அந்த வாரத்துக்கு வந்த மருந்தில் மிச்சமிருந்த கடைசிப் போத்தலை எடுத்தார். கிளாசில் ஊற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். செல்லம் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. "ஒனக்குத்தானே சீக்கு? குடி!" என்று அதன் தாடையைப் பிடித்தார்.

குழந்தை கிளாசை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வீறிட்டது.

"வேணாங்கய்யா! நான் குடிச்சுட்டா, அம்மா இருமுறப்ப வர்ற ரத்தம் நிக்காதே!"