யோகம்மாவின் குடை

"குறிப்பறிதல் எண்டால், ஒருத்தர் வாய் திறந்து சொல்லாமலே அவரின்ர மனசை விளங்கி நடக்கிறது. பிரசாந்தினி, இதை வைச்சு ஒரு வசனம் சொல்லும் பாப்பம்" என்றார் தனேஸ்வரன் சார்.

போன முறை தமிழில் தவறிய பரீட்சையை மறுபடி எழுதத்தான் அவள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து பதுளைக்கு இந்த மாலை வகுப்புக்கு வருகிறாள்.

"எங்க லயத்துல கத்திச் சொன்னாலே யாருக்கும் காது கேக்காது சார். சொல்லாம எப்புடி?"

வகுப்பே சிரித்தது.

"அப்ப வீட்டில யோசிச்சு எழுதிக்கொண்டு வாரும்."

அன்று கரண்ட் போனதால் வகுப்பு சீக்கிரமே முடிந்தது. மற்ற நாட்களில் மூச்சு வாங்க பஸ் நிலையத்துக்கு ஓடுவாள். தோட்டத்துக்கு அந்நேரம் புறப்படுவதுதான் கடைசி பஸ். "ஒரு நாள் பஸ்ஸ விட்டாலும் படிப்பு போதும்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்லவேளை, அவள் ஓடி வரும்போதெல்லாம் பக்கத்து லயத்து யோகம்மா கண்டக்டரோடு ஏதாவது தகராறு செய்துகொண்டிருப்பாள். பஸ் புறப்படாமல் நிற்கும். அந்தச் சண்டைக்காரிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே ஏறுவாள்.

இன்று காலி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தாள். தூறலுக்குத் தலையோடு போர்த்திய சால்வையைக்கூட எடுக்காமல், குனிந்து வசனம் எழுதினாள்; பிடிக்காமல் வெட்டினாள்; மறுபடி எழுதினாள். பஸ் நிரம்பியதே தெரியவில்லை.

"என் கொடையக் காணோம்! கொட கெடைக்காம வண்டி நகரக் கூடாது!"

யோகம்மாவின் குரல்தான்.

"முந்தாநாள் கருவாட்டுப் பார்சல், இன்னைக்குக் குடையா?" கண்டக்டர் நௌபர் தலையில் அடித்துக்கொண்டான்.

"தலையையும் எங்கயாவது கழட்டி வச்சிட்டு வந்தீங்களான்னு பாருங்கக்கா!" என்றது ஒரு குரல்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். நாளெல்லாம் வேலை செய்து களைத்த சனங்கள் குனிந்து சீட்டுகளுக்கு அடியில் தேடினார்கள்.

பிரசாந்தினிக்குப் பாவமாக இருந்தது. குடை, யோகம்மாவின் பைக்குள்ளிருந்தே நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க பையிலதானே இருக்கு!"

யோகம்மா திரும்பினாள். பையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தாள்.

"அடியே, நீ எப்ப ஏறுன? நௌபர் தம்பி, புள்ள வந்துருச்சு, வண்டிய எடுக்கச் சொல்லு!"

அதன் பிறகு பஸ்ஸில் ஒருவரும் குடையைத் தேடவில்லை.