நான்காவது கருவி

எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் போதுமென்று மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். இணைக்க வந்தவன் அதன் திரையில் வந்த வீட்டுக் கருவிகளின் பட்டியலைக் காட்டினான். டிவி, ஸ்பீக்கர், ஏசி. நான்காவதாக, படுக்கையில் கிடந்த சிங்கராயரின் தொண்டைக் கருவி. புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்த பிறகு அதன் வழியாகத்தான் அவர் பேசினார்.

"இதை லிஸ்ட்லருந்து எடுத்துடவாம்மா?"

லூர்தம்மாள் கணவரின் அறைப்பக்கம் பார்த்தாள். "இருக்கட்டும் தம்பி."

மதியம் குழம்பில் உப்பில்லையென்று தட்டைத் தள்ளிவிட்டு, அவள் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார் சிங்கராயர். முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்ட பேச்சு. அவள் ரிமோட்டில் நான்காவது கருவியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அவர் வாய் மட்டும் அசைந்தது. அன்றைக்கு நிதானமாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மகள் வீடியோ காலில் வந்தாள். "அப்பா ஏம்மா பேசவே மாட்டேங்கிறாரு?"

"புண்ணு ஆறுற வரைக்கும் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

சிங்கராயர் மகளைப் பார்த்து, இல்லை இல்லையென்று கையை ஆட்டினார்.

"சரிப்பா, டாட்டா," என்று அவளும் கையசைத்துவிட்டு வைத்துவிட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். லூர்தம்மாள் ரிமோட்டை எடுத்தாள். பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்தினால் முதலில் என்ன வார்த்தை வருமென்று அவளுக்குத் தெரியும். ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.