மாஸ்டரின் கைப்பக்குவம்

“இதை உருவாக்கினது யாரு?”

ஒரு வாய் குடித்ததுமே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார். ஊரின் மறுகோடியில் புதிதாக ஹோட்டல் திறக்கப்போகிறவர். அங்கே வரவிருக்கும் பாருக்குத் தலைமை ஏற்க ஓர் ஆளைத் தேடி, பார் பாராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முதலாளிகள் கண்ணில் படாத பிற்பகல் வேளைதான் அவருக்குத் தோது.

கவுன்டருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பார் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

“அடியேன்தான்” என்றார், கோட்டை இழுத்துவிட்டபடி.

கல்லாவில் இருந்த காசாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பானத்துக்காக மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தவள் ஏப்ரன் கட்டிய அவள்தான். மாஸ்டர் அப்போதெல்லாம் வாடிக்கையாளர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தார். அவர் கலக்கும் கிளாஸ்களில் பாதி அப்படியே திரும்பி வரும். கேட்டால், ஐஸ் சரியில்லை என்பார்.

அந்த அம்மாள் லேசில் விடுகிறவராக இல்லை. தன் கண்முன்னால் இன்னொரு முறை கலந்து காட்டச் சொன்னார்.

மாஸ்டர் மிடுக்காக ஷேக்கரை எடுத்தார். அவளுக்குத் திக்கென்றது. இது குலுக்கும் பானமே அல்ல. குலுக்கினால் கலங்கி நுரைத்து, சவசவவென்று ஆகிவிடும். குட்டு அந்த நொடியே உடைந்துவிடும். அவள் சும்மா நின்றிருந்தாலே போதும்.

அவள் சும்மா நிற்கவில்லை. பக்குவமாக ஷேக்கரை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

“மாஸ்டர் வழி சொல்வார், நான் கை கொடுப்பேன். இங்க அப்படித்தாம்மா பழக்கம்” என்றாள்.

கனத்த கண்ணாடிக் குவளையில் பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டாள். நாள்பட்ட ரம்மை முதலில் ஊற்றினாள். ரம் தித்திப்பைக் காட்டி ஏமாற்றும், அதைக் கசப்பால் கட்டிப்போட வேண்டும் என்பது மாஸ்டரின் கொள்கை என்று சொல்லிக்கொண்டே, சாப்பாட்டுக்கு முன் பசி கிளப்பக் குடிக்கும் சிவப்புக் கசப்பு மதுவைச் சேர்த்தாள். இரண்டும் முறைத்துக்கொள்ளாமல் இருக்க, நடுவில் சமாதானம் பேச, மூலிகை மணக்கும் இனிப்பு ஒயினான வெர்மூத். அதுவும் மாஸ்டர் கண்டுபிடித்ததுதானாம். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

நீளக் கரண்டியை உள்ளே விட்டு, குவளையின் ஓரத்தை ஒட்டியே சுழற்றினாள். ஐஸ் சத்தமே போடவில்லை. குவளையின் வெளிப்புறம் பனி படர்ந்ததும் வடித்து, ஆரஞ்சுத் தோலைக் கிளாஸ்மேல் பிழிந்து நீட்டினாள்.

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நாக்கில் கசப்பு ஏறி, இனிப்பாகக் கனிந்து, தொண்டையில் ரம்மின் இதமான சூடு இறங்கியது. கண்ணைத் திறந்தபோது முடிவெடுத்திருந்தார்.

மாஸ்டருக்கு அங்கேயே வேலை உறுதியானது. பிறகு அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். “உனக்கும் நல்ல கை. நீயும் வந்துடேன்.”

“நானும் வந்துட்டா இங்க யாரும்மா இருப்பா?”

“இவரு இல்லாம சமாளிச்சுடுவியா?”

“சமாளிச்சுக்குவேன்மா” என்றாள், துளியும் யோசிக்காமல்.

புதிய பாரைப் பார்த்துவிட்டு வருவதாக அந்த அம்மாளின் காரிலேயே மாஸ்டர் கிளம்பிப் போனார். கார் தெருமுனையில் மறையும்வரை பொறுத்திருந்த காசாளரால் அதற்குமேல் முடியவில்லை.

“ஏம்மா, ராப்பகலா கண்ணு முழிச்சு நீங்க உருவாக்கினது. பேரை அந்த ஆளுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறீங்களே?”

“அடுத்ததை நாளைக்கே கலக்க ஆரம்பிச்சுடலாம், அண்ணே. அது பெரிய விஷயமில்ல.”

ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். நெடுநாள் தலைவலி விட்டவளைப் போல நீளமாக மூச்சு விட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

“அக்கா, ஒரு சந்தோஷ சமாச்சாரம். அத்தானுக்குப் பெரிய ஹோட்டல்ல வேலை கிடைச்சிருக்கு. என் பார்லேருந்து அவரை அனுப்பினா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டிருந்தியே… நான் அனுப்பல, அவராத்தான் போறாரு.”