ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, நீச்சல்குளத்து வாசலில் தயங்கி நின்றார் கசோண்டே. அறுபத்தெட்டு வயதில் நெஞ்சு இப்படிப் படபடப்பது அவருக்கே வெட்கமாக இருந்தது.

காவல்காரர் ஜேரே ங்கோனி இனத்தவர். பெம்பாக்காரர்களைக் கேலி செய்வது ங்கோனிகளுக்குப் பிறப்புரிமை. பெம்பாக்காரரான கசோண்டேயை மட்டும் விடுவாரா?

"வாங்க மாப்பிள்ளை. குரங்குக்கறி தின்ன வாய் இன்னைக்காவது அந்தப் பொண்ணுகிட்டத் திறக்குமா?"

"எலி தின்கிறவன்கூட எனக்கென்ன பேச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தார்.

எட்டு மாதமாக ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் இங்கே வருகிறார். சிலேஷேயின் பக்கத்தில் உட்கார்ந்து மழை, முழங்கால் வலி என்று எதையாவது பேசிவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவார். கிட்வே நகரத்தில் பாதிப்பேர் அவர்களுக்குக் கல்யாணமே முடித்துவிட்டார்கள்.

சிலேஷே ஒரு காலத்தில் நாட்டுக்காக நீந்தியவள். இப்போது ஐம்பது வயது, தனிக்கட்டை. உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

இன்றும் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் கொடுத்த கடலையை உரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். நடுவில், "மும்பா, இன்னும் மூணு தடவை பாக்கியிருக்கு. ஏமாத்தாதே" என்று திரும்பிப் பாராமலே குரல் கொடுத்தாள். தண்ணீரிலிருந்து ஒரு முனகல் வந்தது.

கசோண்டே கோட்டுப் பொத்தானை மறுபடி சரிசெய்தார். மனைவி போனபின் அந்த வெறும் வீட்டில் அவருக்குத் துணையாக மிஞ்சியது ஒரே ஒரு நாளின் நினைப்புதான். அதைச் சுமந்துகொண்டு சாக அவருக்குப் பயமாக இருந்தது.

இருபத்தாறு வருடத்துக்கு முன், ஆப்பிரிக்கப் போட்டியில் எண்ணூறு மீட்டர் நீச்சல். குளத்தைப் பதினாறு தடவை கடக்க வேண்டும். கடைசி இரண்டு மிச்சமிருக்கும்போது அந்தந்தத் தடத்து நடுவர் மணி அடிப்பார். எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த சிலேஷேக்குப் பன்னிரண்டு முடிந்ததுமே மணி அடித்துவிட்டது.

அவள் இன்னும் இரண்டு தடவை நீந்திச் சுவரைத் தொட்டாள், தொப்பியைக் கழற்றினாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அரங்கத்துக் கூச்சலில் அந்த மணி வேறு யார் காதிலும் விழவில்லை. எண்ணத் தெரியாதவள் என்று ஊரே சிரித்தது. அவள் ஒரு புகாரும் சொல்லவில்லை. அதன்பிறகு போட்டிப் பக்கமே போகவில்லை.

"அம்மா, அன்னைக்கு உங்க தடத்துல மணி அடிச்சது நான்தான்" என்றார் கசோண்டே. "பக்கத்துல இருந்தவன்கிட்டப் பேசிக்கிட்டே எண்ணிக்கையை விட்டுட்டேன். பயத்துல வெளியே சொல்லலை. உங்க தங்கமும் போச்சு, வாழ்க்கையும் போச்சு. எல்லாம் என்னால."

சிலேஷே உரிப்பதை நிறுத்தினாள். அறையப்போகிறாள் என்று நினைத்தார். அறைந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

அவள் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"தப்பு மணின்னு தெரிஞ்சுதான் நின்னேன் ஐயா. ஆறு வயசுலேருந்து நிறுத்துறதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டிருந்தேன்."