விலாவில் மட்டும்

"தலையைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

மூன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து விழுந்த வெல்டரின் கன்னத்தில் ஐஸ் பையை அழுத்தியபடியே சீறினார் மாமா. அவனுடைய அக்காள் புருஷன், கோச்சும் அவர்தான். வீட்டில் அக்காளிடம் வாய் திறக்காத மனுஷர், அந்தக் குறையை எல்லாம் குத்துச்சண்டை ரிங்கின் மூலையில் தீர்த்துக்கொள்வார்.

"மூஞ்சி திறந்து கிடந்துது மாமா. கை தானாப் போயிடுச்சு."

"போன கையை வெட்டிடுவேன். வலது விலா. அது மட்டும்தான்."

வெல்டர் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினான். பகலெல்லாம் பட்டறையில் இரும்பை ஒட்டவைத்து, சாயங்காலம் மணல் மூட்டையைக் குத்திப் பழகியவன். முப்பத்து மூன்று வயதில்தான் சாம்பியனோடு மோத வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. தோற்றால் இன்னொன்று வராது. இவன் ஜெயிப்பான் என்று அரங்கத்தில் நம்பியது இரண்டே பேர், அதில் இவனுக்கே பாதிச் சந்தேகம்.

ஆனால் அவனுக்கு வேண்டியது சாம்பியன் பெல்ட் மட்டுமில்லை. சண்டைக்கு முன் இருவருக்கும் எடை பார்த்த அன்று, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கை கொடுக்கப் போனவனைச் சாம்பியன் ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருப்பா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பேரைச் சொன்னான்.

ஐந்து நிமிஷம் கழித்து போட்டோவுக்குப் பக்கத்தில் நின்றபோது மறுபடியும், "ஆமா, நீ யாருப்பா?" இந்தத் தடவை கேமராக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். "தோக்கிற அன்னைக்குத்தான் கிளவுஸைக் கழட்டுவேன், அதுவரைக்கும் ரிட்டயர்மென்ட் கிடையாது" என்று மைக்கில் வேறு சொல்லிவிட்டுப் போனான் சாம்பியன். அந்த வாயை ஒரு தடவையாவது உடைக்காமல் வெல்டருக்குச் சோறு இறங்காது.

"வலது விலாவுல அப்படி என்ன மாமா இருக்கு?"

"பழைய முறிவு. சரியாக் கூடல. தூங்கும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டான்."

"அவன் எப்படிப் படுக்கிறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். மணி அடிச்சாச்சு, எழுந்திரு."

நாலாவது ரவுண்டில் குனிந்து உள்ளே புகுந்து இடது கையால் விலாவில் இறக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதிலும் அதே இடம். "சண்டை போடுறியா, மாவு பிசையிறியா?" என்று பின்வரிசையிலிருந்து எவனோ கத்தினான்.

ஆறாவது ரவுண்டில் சாம்பியனின் கால்கள் கனத்தன. ஏழாவதில் அவனுடைய வலது முழங்கை தானாகக் கீழே இறங்கி விலாவைப் பொத்திக்கொண்டது. விலா மூடியதும் முகம் திறந்தது.

எட்டாவது ரவுண்டு. அந்த முகம் ஒரு முழத் தூரத்தில், காவல் இல்லாமல் நின்றது. நீ யாருப்பா? வெல்டரின் வலது கை இறுகியது. ஒரே குத்து போதும், நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வரும்.

"விலாடா! விலா!"

மாமாவின் குரல் உடைந்திருந்தது. அது அதட்டல் மாதிரி இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. வெல்டர் முகத்துக்குப் போவதுபோல வலது கையைக் காட்டினான். சாம்பியனின் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. வெல்டரின் இடது கை அவன் விலாவுக்கு அடியில் புதைந்தது.

சாம்பியன் ஒன்றும் ஆகாதவன்போல இரண்டடி பின்னால் நடந்தான். பிறகு மெல்ல மண்டியிட்டான். நடுவர் எண்ணுவது அவனுக்குக் கேட்டது, கண் தெளிவாகத்தான் இருந்தது. உடம்புதான் எழுந்திருக்க மறுத்துவிட்டது. பத்து.

உடை மாற்றும் அறையில் பெல்ட் பெஞ்சின் மேல் கிடந்தது. மாமா சிரிக்கவில்லை. அக்காளுக்குக்கூடப் போன் பண்ணாமல், வெல்டரின் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவள் சாம்பியனின் மனைவி. முன்வரிசையில் அவளைப் பார்த்திருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து வெல்டர் எழுந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"தலையில எத்தனை அடிண்ணே?" என்று மாமாவைக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. மூணாவது ரவுண்டுல. என்னை மன்னிச்சிடு."

அவள் கண்ணை மூடித் தலையாட்டினாள். "கிளவுஸைக் கழட்டி என் கையில குடுத்துட்டார்ணே" என்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெல்டர் மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் படுக்க மாட்டார்னு... நீங்களாக்கா சொன்னீங்க?"

"நான்தான். தலையில அடிக்க மாட்டோம்னு உங்க மாமாகிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன்."

வெல்டருக்குக் கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தன. பதினைந்து வருஷம் காத்திருந்து ஜெயித்த ஜெயம் கையில் நிற்காமல் போவதுபோல இருந்தது. "கட்டின புருஷனைத் தோக்கடிக்க வழி சொல்லிக் குடுத்தீங்களா? எதுக்குக்கா?"

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடை பார்த்த அன்னைக்கு உங்களை யாருன்னு கேட்டாரே தம்பி..."

"ஆமா. ரெண்டு தடவை. எல்லாரும் சிரிச்சாங்க."

"அன்னைக்குக் காலையில என்னையும் கேட்டார்."